ஓடக் கூடாத தெரு

மெம்பிசில் நாங்கள் முதலில் குடியிருந்த தெருவில் பையன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். முனையில் போலீஸ் கார் திரும்புவது தெரிந்தால் போதும், எல்லாரும் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் விசில் அடிப்பதில்லை, சத்தம் கொடுப்பதில்லை. பந்தைத் துரத்திப் போகிறவன் பந்தை விட்டுவிட்டு நடப்பான். பந்து அதுபாட்டுக்கு உருண்டு சாக்கடை ஓரம் போய்ச் சேரும். கால்சட்டைப் பைக்குள் இருந்த கைகள் வெளியே வந்துவிடும். கார் ஊர்ந்து போய் அடுத்த முனையில் மறைந்த பிறகு விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த எனக்கு அதுவும் ஆட்டத்தின் விதிகளில் ஒன்றாகத்தான் பட்டது. யாரும் சொல்லித் தராததால் நான் ஒருவன் மட்டும் ஓடிக்கொண்டே இருப்பேன்.

அப்பாவுக்கு 1983இல் அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்துக் கொடுக்கிற வேலை. சம்பளத்தில் ஒரு பங்கு அம்பாசமுத்திரத்துக்குப் போகும், அத்தைக்குக் கல்யாணம் முடிக்க வேண்டியிருந்தது. மிச்சத்துக்குக் கட்டுப்படியாகிற இடமாகப் பார்த்து, சியர்ஸ் கோபுரத்துக்கு வடக்கே பழைய செங்கல் குடியிருப்பு ஒன்றில் மாடி வீடு பிடித்தார். 1927இல் கட்டிய அந்தச் சியர்ஸ் கட்டடம் வெகு தூரத்திலிருந்தே தெரியும். கீழே கடை, மேலே அடுக்கடுக்காகக் கிடங்கு. தபாலில் கேட்டவர்களுக்கெல்லாம் அங்கிருந்து சாமான் போகும். நாங்கள் போய் இறங்கிய வருடம் கடையை மூடிவிட்டார்கள். அதே வருடம் வடக்கு மெம்பிசில் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலையையும் மூடினார்கள். 1985இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆலையும் போயிற்று. வேலை போன ஆண்கள் பகலில் வாசற்படிகளில் உட்கார்ந்திருப்பார்கள். ‘இந்த ஊரில் யாரும் வேலைக்கே போகமாட்டார்கள் போல’ என்று அப்பா முதல் மாதம் சொன்னார். ஆலைகள் மூடிய கதை அவருக்கு அப்போது தெரியாது.

மேற்கே மிசிசிப்பி ஆறு. கிழக்கே போகப் போக வீடுகள் பெரிதாகும், புல்வெளி அகலமாகும், முகங்கள் வெளுக்கும். 1973இல் நீதிமன்ற உத்தரவுப்படி பள்ளிகளில் கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளைக் கலந்து உட்காரவைக்க பஸ் விட்டபோது, வெள்ளைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனியார் பள்ளியில் போட்டன. பத்து வருடம் கழித்து நான் சேர்ந்த வகுப்பில் வெள்ளைப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆசிரியை என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் பதிவேட்டில் ‘மற்றவர்’ என்று எழுதிக்கொண்டார். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளைவிட நான் கறுப்பு. அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக் கறுப்பு, எனக்கும் அதே நிறம்.

எதிர்வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். தாய் வேறு ஊரில், தகப்பனைப் பற்றிப் பேச்சே கிடையாது. கூடவே ஃபயர்ஸ்டோனில் வேலை போய் வந்து தங்கிவிட்ட மாமா ஒருவர். குடியிருப்புக்குப் பின்னால் காலிமனையில் பாட்டி வெண்டைக்காய் போட்டிருந்தார். முதல் கோடையில் ஒரு கூடை நிறையப் பறித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மாவுக்கு அழுகை வராத குறை. அமெரிக்கா வந்து வெண்டைக்காயை அவள் பார்த்தது அன்றைக்குத்தான். ‘இத இவங்களும் தின்னுவாங்களால?’ என்று என்னிடம் கேட்டாள். தின்றார்கள். சோள மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். வெள்ளைக் காராமணியை அவித்துச் சோறோடு தின்றார்கள். கீரையை மணிக்கணக்கில் வேகவைத்தார்கள். வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு வந்து சேர்ந்த காய் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா புளிக்குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினாள். பாட்டி பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது காலியாகத் தரமாட்டார், எதையாவது போட்டுத்தான் தருவார். அதைக் கண்டபிறகு அம்மாவுக்கு அந்த வீட்டின்மேல் எந்தச் சந்தேகமும் இல்லாமல் போயிற்று.

வறுமை என்பதை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன். அங்கே அது வெளியே தெரியும். ஓலைக்கூரை, கிழிந்த சட்டை. மெம்பிசில் ஏழை வீட்டிலும் டிவி இருந்தது, ஃபிரிட்ஜ் இருந்தது. மாதம் பிறந்து இரண்டாவது வாரத்தில்தான் கஷ்டம் தலைகாட்டும். உணவுக் கூப்பன்களைப் புத்தகம் புத்தகமாகத் தைத்துக் கொடுப்பார்கள். கடையில் கல்லாக்காரர் முன்னால் வைத்துத்தான் ஒவ்வொன்றாகக் கிழிக்க வேண்டும். பின்னால் வரிசை நிற்கிற நேரத்தில் எதிர்வீட்டுப் பையன் கடைக்குள் போகமாட்டான். கூட்டம் கலையட்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான். நானும் கூட நிற்பேன். பாட்டிக்கு வங்கிக் கணக்கு கிடையாது. வாடகை, கரண்டு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் மணி ஆர்டர்தான், ஒவ்வொன்றுக்கும் தனிக் கமிஷன். இல்லாதவர்களுக்கு எல்லாமே கூடுதல் விலை என்று தாத்தா சொல்வார்.

ஒரு ஜூலையில் அவர்கள் வீட்டுக் கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் மருந்து ஃபிரிட்ஜில் இருந்தது. மெம்பிசின் ஜூலை நம் சித்திரைக்குக் குறைந்ததல்ல, ஆற்றுப் புழுக்கம் வேறு. அம்மா யாரையும் கேட்கவில்லை. எங்கள் கூடத்து பிளக்கில் ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயரைச் சொருகி, கதவிடுக்கு வழியாக நடையில் இழுத்து, அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். யாரும் தடுக்கி விழாமலிருக்க நடையில் கிடந்த வயர்மேல் பழைய சாக்கு ஒன்றைப் போட்டாள். அப்பா வேலை முடிந்து வந்து சாக்கை மிதித்தபடி நின்று பார்த்தார்.

“நம்ம மீட்டர்லல்லா ஏறும்?”

“ஏறட்டும். மருந்து கெட்டுப்போச்சுன்னா?”

அப்பா மேற்கொண்டு பேசவில்லை. அவருக்குக் கரண்டு பில்லைவிட வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. தாத்தா நகராட்சியில் குப்பை அள்ளி ஓய்வுபெற்றவர் என்பது அந்த வாரம்தான் அவருக்குத் தெரியவந்திருந்தது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு முடுக்கு உண்டு. துப்புரவுக்கு வருகிறவர்கள் அந்த முடுக்கு வழியாகத்தான் வரவேண்டும், முன்வாசலுக்கு வரக்கூடாது. ஆச்சி அவர்களுக்குக் காசைக் கையில் கொடுக்கமாட்டாள், கல்மேல் வைப்பாள். அப்பா படித்தவர், காந்தியையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் ஒரே மூச்சில் சொல்கிறவர். வந்த முதல் மாதமே, கிங் சுடப்பட்ட லொரெய்ன் விடுதியை வெளியே நின்று எங்களுக்குக் காட்டியவர். ஆனாலும் தாத்தா வீட்டு நாற்காலியில் மட்டும் உட்காரமாட்டார். வாசலோடு நின்று சிரித்துப் பேசிவிட்டு வந்துவிடுவார். அம்மா அதைக் கவனித்துவைத்திருந்தாள். ஒருநாள் ராத்திரி எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னாள்: “கடல் தாண்டி வந்தும் அந்த முடுக்க விட்டுட்டு வரலியே நீங்க.”

1959இல் கிங் இந்தியாவுக்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்டதாகவும், பிறகு அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதாகவும் கிங்கே பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். அவர் உயிரை விட்டது குப்பை அள்ளுகிறவர்களின் போராட்டத்துக்காக வந்த ஊரில். எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா அவர்களில் ஒருவர்.

தாத்தா கதை சொல்ல ஆரம்பித்தால் குரலை உயர்த்தமாட்டார். அந்தக் காலத்தில் குப்பைத்தொட்டி தெருவில் இருக்காது. வெள்ளையர் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போய், குப்பையைத் தகரத் தொட்டியில் கொட்டி, தலையிலோ தோளிலோ தூக்கி லாரிக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டி ஓட்டை. சாறு கழுத்து வழியாக முதுகில் இறங்கும். வீட்டுக்குப் போனால் பாட்டி உடுப்பைப் படிக்கட்டிலேயே கழற்றச் சொல்லுவாராம். அறுபது வயதுக்காரரையும் வெள்ளைக்காரப் பொடியன் ‘பையா’ என்றுதான் கூப்பிடுவான். மழை பெய்தால் ஒதுங்க இடம் கிடையாது. 1968 பிப்ரவரி 1ஆம் தேதி அப்படி ஒரு மழையில் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளிகள் லாரியின் பின்பக்கம் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்குகிற இயந்திரம் பழுதாகித் தானே ஓடி இருவரையும் நசுக்கிவிட்டது. பிப்ரவரி 12ஆம் தேதி 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. முழுநேரம் உழைத்தும் அரசு உதவி வாங்குகிற அளவுக்குத்தான் அவர்களில் பலருக்குச் சம்பளம். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். மார்ச் 28ஆம் தேதி ஊர்வலம் கலவரமாகி, போலீஸ் தடியும் கண்ணீர்ப்புகையுமாக இறங்கியது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். ஏப்ரல் 4ஆம் தேதி சாயங்காலம் லொரெய்ன் விடுதி மாடியில் கிங் சுடப்பட்டார். ஏப்ரல் 16ஆம் தேதி நகராட்சி ஒப்பந்தத்துக்கு இறங்கிவந்தது.

“அந்த அட்டைய வச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன். பள்ளியில் ஏதோ கண்காட்சி.

தாத்தா சிரித்தார். “மழையில நனைஞ்சு கிழிஞ்சது, குப்பையில போட்டேன். வேலைக்குத் திரும்புன அன்னைக்கு ஊரே நாறிக் கிடந்துச்சு. அள்ளுன குப்பையில அதுவும் எங்கயாவது கிடந்திருக்கும்.”

லாரி பெய்னின் பெயரை மட்டும் அவர் இரண்டு தடவை சொல்வார். கிங்கை ஊர் முழுக்க நினைவில் வைத்திருக்கிறது, அந்தப் பிள்ளையை யார் நினைக்கிறார்கள் என்பார்.

ஓடக் கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது என்பதையும் அந்த வாசற்படியில்தான் தெரிந்துகொண்டேன். பாட்டி பேரனுக்கு அதைப் பாடமாகவே நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பி, டை கட்டி நிற்கும்போது கேட்பார். போலீஸ் கூப்பிட்டா? நிற்கணும். கை? வெளியே, விரல் விரிச்சு. பதில்? யெஸ் சார், நோ சார். பையில கை விட்டு எதையாவது எடுக்கச் சொன்னா? எடுக்கப்போறேன்னு முதல்ல வாயால சொல்லணும். ஓடுவியா? மாட்டேன். தப்பே பண்ணலேன்னாலும்? மாட்டேன். தப்புப் பண்ணியிருந்தாலும்? மாட்டேன். பொம்மைத் துப்பாக்கி அந்த வீட்டுக்குள் நுழையவே கூடாது. நாங்கள் திருக்குறள் ஒப்பிக்கிற வேகத்தில் அவன் அதை ஒப்பிப்பான்.

இந்தப் பாடத்துக்குப் பின்னால் எட்வர்ட் கார்னர் என்ற பையன் இருந்தான். 1974 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, எங்கள் பகுதிக்கு வடக்கே வாலின்டைன் தெருவில் ஒரு வீட்டுக்குள் யாரோ புகுந்திருப்பதாகப் போலீசுக்குத் தகவல் போயிற்று. இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் வீட்டுக்குப் பின்னால் போனபோது, கொல்லையைத் தாண்டி ஓடிய உருவம் ஒன்று கம்பிவேலி ஓரம் குந்தியிருந்தது. டார்ச் அடித்தார். முகமும் கைகளும் தெரிந்தன. கையில் ஆயுதம் ஏதுமில்லை என்று தனக்கு ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்ததாக அவரே பிறகு சாட்சி சொன்னார். நில் என்றார். பையன் வேலியில் ஏறினான். ஏறிவிட்டால் பிடிக்க முடியாது என்று சுட்டார். குண்டு தலையின் பின்பக்கம் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. வயது 15, எட்டாம் வகுப்பு. அந்த வீட்டிலிருந்து எடுத்த ஒரு பர்சும் பத்து டாலரும் அவனிடம் இருந்தன.

சுட்டவர்மேல் குற்றம் இல்லை என்றாயிற்று. டென்னசி மாநிலச் சட்டம் அவர் பக்கம் இருந்தது: கைது செய்யப்போவதாகச் சொன்ன பிறகும் குற்றவாளி ஓடினால், பிடிப்பதற்குத் தேவையான எதையும் போலீஸ் செய்யலாம். இங்கிலாந்தின் பழைய வழக்கச் சட்டத்திலிருந்து வந்த விதி அது. பெருங்குற்றம் எதுவானாலும் தூக்குத்தண்டனை என்றிருந்த காலத்தில், ஓடுகிறவனைக் கொன்றால் என்ன என்று யோசித்து எழுதியது. எட்வர்டின் தகப்பனார் விடவில்லை. கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார். 1985 மார்ச் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஓடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக ஆயுதமில்லாதவனைக் கொல்லக்கூடாது. அவனால் மற்றவர் உயிருக்கு ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே அந்த அளவுக்குப் போகலாம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட். அமெரிக்கா முழுவதற்கும் இன்றைக்குவரை அதுதான் சட்டம்.

தீர்ப்பு வந்த மறுநாள் தாத்தா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அப்பா வேலையிலிருந்து வந்தவர், நின்றபடியே அதை வாங்கி முழுவதும் படித்தார். ‘பெரிய வெற்றி’ என்று கைகொடுத்தார். தாத்தா தலையை ஆட்டினார். “ஆமா. பையனுக்கு இப்ப இருபத்தாறு வயசு ஆகியிருக்கும்.” பாட்டி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரனிடம் அதே கேள்விகள், அதே வரிசை. சட்டம்தான் மாறிவிட்டதே என்று நான் இடையில் புகுந்து கேட்டேன். “மாறினது வாஷிங்டன்ல. டார்ச் அடிக்கிறவன் கையில பேப்பர் இருக்காது” என்றார்.

இன்னொன்றையும் தாத்தா சொல்லித்தான் தெரியும். எட்வர்டைச் சுட்ட போலீஸ்காரரும் கறுப்பர். ஊரில் கறுப்பர்களைப் போலீசில் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. நம் ஆள் உள்ளே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்களாம். “உடுப்ப மாட்டுனா உடுப்போட கண்ணு வந்துருது” என்பார் தாத்தா.

எதிர்வீட்டு மாமா எப்போதாவது நாலைந்து நாள் தென்படமாட்டார். கேட்டால், ‘201ல இருக்காரு’ என்பான் அந்தப் பையன். பாப்ளர் சாலையில் 201 என்ற எண்ணுள்ள கட்டடத்தில்தான் கோர்ட்டும் சிறையும் இருந்தன. அந்த ஊரில் சிறைக்கு வேறு பெயர் கிடையாது, கதவு எண்ணே பெயர். காரின் பின்விளக்கு உடைந்ததற்கு அபராதம். கட்ட முடியாமல் தவணை தப்பினால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் கைது. பஸ் போகாத இடத்தில் வேலை கிடைத்தால் ஓட்டாமல் எப்படிப் போவது? அப்பாவின் காரிலும் ஒரு வருடம் பின்விளக்கு உடைந்தேதான் இருந்தது. ஒரே ஒருமுறை நிறுத்தினார்கள். ஆராய்ச்சிக்கூடத்து அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் மாற்றிவிடுங்கள் டாக்டர் என்று அனுப்பிவைத்தார்கள்.

எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது நடந்த கோடையில் ஒருநாள். கடையிலிருந்து பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பிவருகிறோம். இருட்டுகிற நேரம், தெருவிளக்குகள் பாதிதான் எரிந்தன. பின்னால் வந்த கார் எங்களைத் தாண்டி, ஓரம் கட்டி நின்றது. கதவு திறக்கிற சத்தத்துக்கே அவன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டான். பால் டப்பா சாய்ந்து நடைபாதையில் உருண்டது. யாரோ சைக்கிள் திருடிவிட்டார்களாம், இரண்டு பையன்களாம். வந்தவர் நடுவயதுக் கறுப்பர். கண்டிப்பாகப் பேசினார், கை ஓங்கவில்லை. என்னிடம் முதலில் கேட்டார். நான் வாய் திறந்ததும் அவர் முகம் மாறியது. அப்போதும் என் ஆங்கிலத்தில் திருநெல்வேலி போகவில்லை.

“எந்த ஊர் நீ?”

“இந்தியா, சார்.”

“அப்பா என்ன பண்றார்?”

சொன்னேன். நீ வீட்டுக்குப் போகலாம் என்றார். அவனை மட்டும் நடைபாதை விளிம்பில் உட்காரச் சொன்னார். கணுக்கால்களைக் குறுக்கே போட்டு, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான். அப்படித்தான் உட்கார வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் பாட்டியைக் கூட்டிவர ஓடினேன். இரண்டு தெரு, மூச்சுப் பிடிக்க ஓடினேன். நில் என்று என்னை யாரும் சொல்லவில்லை.

பாட்டி வீட்டுச் செருப்போடு வந்தார். கையில் பேரனின் பள்ளி மதிப்பெண் அட்டை. எதற்கும் இருக்கட்டும் என்று கதவருகே ஆணியில் மாட்டிவைத்திருந்த அட்டை அது. போலீஸ்காரர் அதை டார்ச் வெளிச்சத்தில் படித்தார். கணக்கில் நல்ல மார்க் என்றார். போகச் சொல்லிவிட்டார். நடந்தது இவ்வளவுதான், பத்து நிமிடம் இருக்கும். யாருக்கும் அடியில்லை, காயமில்லை. பால் டப்பாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அவன் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் பாட்டி என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“ஓடியா வந்தே?”

“ஆமா.”

“இனிமே ஓடாதே. நீ வாயத் திறந்தா இந்தியான்னு தெரியும். முதுகுல எழுதியா ஒட்டியிருக்கு?”

அடுத்த வருடம் அப்பாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. கிழக்கே ஜெர்மன்டவுனில் வீடு வாங்கினோம். கிளம்புகிற அன்றைக்கு அப்பா எதிர்வீட்டுக்குள் போய், முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். தாத்தா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டார். ஜெர்மன்டவுனில் காலையில் எழுந்து பார்த்தால் தெரு முழுக்க ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அரைக்கால் சட்டையும் வெள்ளை ஷூவுமாக, உடம்பு இளைக்க. போலீஸ் கார் அவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போகும். அம்மா ஜன்னலிலிருந்து அதைப் பார்த்து, ‘இவ்வளவுதாம்ல விசயம்’ என்றாள்.

நண்பனோடு தொடர்பு விடவில்லை. 1991இல் வில்லி ஹெரன்டன் 142 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து நகரத்தின் முதல் கறுப்பு மேயராகத் தேர்வானபோது தாத்தா இருந்தார். படியில் உட்கார்ந்து அழுதாராம். குப்பை அள்ளுகிறவர்களின் 1968 ஒப்பந்தத்தில் ஓய்வூதியம் சரியாக அமையாததால் போராடியவர்கள் பலர் தள்ளாத வயதுவரை லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். 2017இல்தான் நகராட்சி, உயிரோடிருந்த சொற்பப் பேருக்கு ஆளுக்கு 50,000 டாலர் அறிவித்து, பிறகு அதை 70,000 ஆக்கியது. தாத்தா அதைப் பார்க்க இல்லை.

பாட்டியின் கேள்வி எனக்கு முழுதாக விளங்கியது 2015 பிப்ரவரியில். மெம்பிசிலிருந்து காரில் நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அலபாமாவின் மேடிசன் நகரம். பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயது சுரேஷ்பாய் பட்டேல், மகன் வீட்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பன் ஒருவன் நடமாடுகிறான் என்று அக்கம்பக்கத்தார் ஒருவர் போன் செய்தார். வந்த போலீஸ்காரர் கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரிந்த ஆங்கிலம் ‘இந்தியா’, வீட்டு எண், இன்னும் ஒன்றிரண்டு சொற்கள். போலீஸ்காரர் அவரை முகம் குப்புறத் தரையில் தள்ளினார். கழுத்தெலும்பில் அடிபட்டு உடம்பு பாதி செயலிழந்தது. வழக்கில் இரண்டு முறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரமுடியாமல் கலைய, 2016இல் நீதிபதி போலீஸ்காரரை விடுவித்தார். சுரேஷ்பாய் ஓடவில்லை. ஊர்ப் பெயரையும் சொன்னார்.

2023 ஜனவரி 7ஆம் தேதி மெம்பிசில் டைரி நிக்கோல்ஸ் என்ற 29 வயது இளைஞனின் காரைப் போலீஸ் மறித்தது. இழுத்துப்போட்டு மிளகுத் தண்ணீர் அடித்தார்கள். அவன் ஓடினான், தாய் வீட்டை நோக்கி. வீட்டுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்தார்கள். அம்மா அம்மா என்று கத்தியது பதிவாகியிருக்கிறது. மூன்றாம் நாள் இறந்தான். குற்றம் சாட்டப்பட்ட ஐந்து போலீஸ்காரர்களும் கறுப்பர்கள். அவர்களில் மூவரை மாநில நீதிமன்றத்து ஜூரிகள் 2025 மே மாதம் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தார்கள். மெம்பிஸ் போலீஸ் கறுப்பர்களைப் பாரபட்சமாக நடத்துகிறது என்று 2024 டிசம்பரில் மத்திய நீதித்துறை அறிக்கை கொடுத்தது. ஆட்சி மாறியதும் அடுத்த வருடமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

டைரி நிக்கோல்ஸ் இறந்த வாரம் நண்பனுக்குப் போன் செய்தேன். விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறான். இரண்டு பையன்கள். பாட்டி இப்போது இல்லை, கேள்விகளை அவன் கேட்கிறான். கை எங்கே, பதில் என்ன, ஓடுவியா. 1985இல் வந்த தீர்ப்பு அவன் பிள்ளைகளுக்கும் தெரியும், பள்ளியில் சொல்லித் தருகிறார்களாம். ஆனாலும் வீட்டில் பாடம் மாறவில்லை.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் பலர், இது அவர்கள் விவகாரம், நாம் டாக்டர், இன்ஜினியர், நமக்கென்ன என்று பேசுவதை விருந்துகளில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நம்மைக் காப்பாற்றியது நம் யோக்கியதை என்று அவர்கள் நம்புகிறார்கள். காப்பாற்றியது ஓர் அடையாள அட்டை, அதுவும் எதிரில் நிற்பவர் படித்துப் பார்க்கிற மனநிலையில் இருந்தால். பிள்ளைக்குக் கார் சாவியைக் கொடுக்கிற அன்றைக்கு எட்வர்ட் கார்னர் கதையையும் சொல்லிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை நடைபாதையில் உட்காரவைத்துவிட்டு உன்னை மட்டும் போகச் சொன்னால், போய் யாரைக் கூட்டிவர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.